கோணல் கட்டை

அத்தியாயம் ஆறு

“நாற்காலிக் காலுக்கு யாராச்சும் மை பூசுவாங்களாண்ணே?”

திலகவதி கேட்டதும் மருதமுத்து குனிந்து பார்த்தார். பட்டறையின் மூலையில் நாற்காலிக் கால்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எல்லாம் பின்னங்கால்கள். முதுகு சாய்வதற்காக வளைத்து அறுத்தவை. அந்தக் குவியலில் ஒரு கோணல் இன்னொரு கோணலை மறைத்துக்கொண்டிருந்தது.

“பொண்ணு நாற்காலியா இருக்கும் மேடம். மை வெச்சு, பொட்டு வெச்சு, மாப்பிள்ளைக்குக் காத்திருக்கு.”

திலகவதி சிரிக்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை மட்டும் உருவினாள். மற்றவை போல அதுவும் வெளிறிய ரப்பர் பால்மரம்தான். ஆனால் ஒரு முனை அகன்று தட்டையாக இருந்தது. அங்கிருந்து மறுமுனைக்குப் போகும் வழியில் மரம் பக்கவாட்டில் ஒரு வளைவு வளைந்து, பிறகு நேராக ஓடியது. நேரான பகுதியின் மேல் விரல் நுழையும் அகலத்தில் நீளமான ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் திட்டுத் திட்டாகக் கரி.

“பல் டாக்டர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லுவாருல்ல?” என்றாள். “நீலம் ஒட்டுற எடத்துல பல்லு ஒசரம். அதைத் தேச்சு விடுவாரு. இதுவும் அப்படித்தான். துப்பாக்கிக் குழல்ல வெளக்குக் கரியப் பூசி மரத்துல வெச்சு எடுப்பாங்க. கரி ஒட்டுன எடத்துல மரம் இடிக்குதுன்னு அர்த்தம். அந்த எடத்த மட்டும் செதுக்கணும். திரும்ப வெக்கணும், திரும்பச் செதுக்கணும். குழல் மொத்தமும் மரத்துல படியிற வரைக்கும்.”

“என் பல்லு கழட்டி வெக்கிற பல்லு. டாக்டர் பல்ல மட்டும் கொண்டு வரச் சொல்லிட்டாரு, நான் வூட்லயே இருந்துட்டேன்.” மருதமுத்து பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனி கறுத்தது. “அப்ப இது நாற்காலி இல்ல.”

“ஒத்திகை. நல்ல மரத்துல கை வெக்கிறதுக்கு முன்ன மட்ட மரத்துல குகன் ஒண்ணு செஞ்சு பாத்திருக்காரு. போலிஸ் பட்டறை முழுக்கத் தேடுச்சு. இந்தக் குவியலப் பாத்துட்டு நாற்காலின்னு விட்டுட்டாங்க.”

திலகவதி அலோர் காஜாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். அதற்கு முன் இன்சூரன்ஸில் இருந்தாள். கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஆட்களைவிடச் சாமான்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்று அங்கேதான் கற்றாள். மருதமுத்து லோரி ஓட்டி ஓய்ந்தவர். முதுகு ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. இப்போது அவளுக்குக் காடி ஓட்டுவதும், கதவு தட்டுவதும், கேட்காத கருத்தைச் சொல்வதும் அவர் வேலை.

புலாவ் செபாங் ரயில் பாதையை ஒட்டிய இந்தப் பட்டறையில் குகன்தான் முதல் கைவினைஞன். தம்பின் நகருக்குப் போகும் சாலையில் போலீஸ் சோதனை நடந்த ஒரு மாலையில், அவன் ஓட்டி வந்த பட்டறை வேனின் பின்னால் நாற்காலி மெத்தைத் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் குழல். அதைத் தாங்கிய மரக்கட்டை மட்டும் புத்தம் புதிது. இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தவனுக்கு மன்னிப்புக் கிடையாது. வாலிபம் உள்ளே போனால் வெளியே வராது.

குகன் ஒரே ஒரு பதில்தான் சொன்னான். ஆத்தடித் தோட்டத்து முனி கோயிலில் காவல் நிற்கும் சிப்பாய்ச் சாமியின் கையிலிருந்த மரத் துப்பாக்கியைக் கரையான் தின்றுவிட்டது, திருவிழாவுக்குப் புதிது செய்தேன் என்றான். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

நேற்று குகனின் வழக்கறிஞர் புவனேஸ்வரன் அந்தத் துப்பாக்கியின் படத்தைக் காட்டியபோது திலகவதியின் கண்ணில் பட்டது ஒன்றுதான். கட்டை கோணலாக இருந்தது. மெருகு கண்ணாடி போல இருந்தது, குழல் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தது, ஆனால் கட்டை ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கை வராதவன் செய்த வேலை என்று யாரோ சொன்னார்களாம்.

பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஆ சுவீக்கு அந்தப் பேச்சுதான் ஆறவில்லை. தமிழ் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுபவர். “கை வராதவனா? குகன் செஞ்ச மேசை ஆடாது லா. நீ வந்து ஆட்டிப் பாரு. ஆடுச்சுன்னா மேசைய நீ எடுத்துக்க.”

“மேசை வேணாம் தவுக்கே. இந்தக் கட்டைய எடுத்துக்கட்டுமா?”

தவுக்கே அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “நாற்காலிக்கு ஆவாது. எடுத்துட்டுப் போ லா.”

வெளியே வந்து அவள் புவனேஸ்வரனுக்குப் படம் அனுப்பினாள். உடனே கூப்பிட்டார்.

“வேணும்னே கோணலா செஞ்சிருக்காருன்னு சொல்றீங்களா?”

“நேரா செய்யத் தெரிஞ்ச ஆளு, ரெண்டு தடவ, ரெண்டு மரத்துல, ஒரே மாதிரி கோணல் செஞ்சிருக்காரு சார். ஒத்திகையும் கோணல், நெசமும் கோணல். தப்பு இல்ல, அளவு. யாரோ ஒருத்தர் ஒடம்புக்கு எடுத்த அளவு.”

“சாமி ஒடம்புக்கா?”

“அதத்தான் பாக்கப் போறோம். அந்தச் சிப்பாய்க்குத் தலை சாஞ்சிருக்குன்னு சொல்றாங்க. செல செஞ்சவரு சிமெண்ட் காயறதுக்குள்ள கைய எடுத்துட்டாராம். இந்தக் கோணல் சாமி தோள்ல சரியா உக்காந்துச்சுன்னா குகன் சொன்னது நெசம்.”

“உக்காந்துச்சுன்னா சாமியையே கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரேன்” என்றார் புவனேஸ்வரன். இத்தனை நாளில் அவர் குரலில் முதல் முறையாக உயிர் இருந்தது.

காடியில் ஏறும்போது மருதமுத்து சொன்னார், “சாமிக்கு வாய்தா போட்டா எந்தத் தேதி வரும் மேடம்? பௌர்ணமிதானே?”

வழி காட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆத்தடித் தோட்டத்தைக் கம்பெனி வாங்கிய பிறகு பழைய பாதையில் கேட் போட்டுவிட்டார்கள். அதனால் முதலில் குகனின் வீட்டுக்குப் போனார்கள்.

அவன் மனைவி வாணி ஃபேக்டரி சீருடையிலேயே இருந்தாள். வேலைக்குக் கிளம்பிவிட்டுப் போகாமல் நின்றுவிட்ட தோற்றம். எட்டு வயது மகள் தேவிஸ்ரீ தரையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வாணியின் அப்பா தங்கையா சமையலறையிலிருந்து கோப்பி கொண்டுவந்தார். ஒடிசலான ஆள், அறுபத்தைந்துக்கு மேல். குவளையைச் சாய்த்து ஊற்றினார். முதல் வாய்க் கோப்பி கிண்ணத்துக்கு ஒரு விரல் இந்தப் பக்கம், மேசை மேல் விழுந்தது.

“பரவால்லைங்கய்யா, மேசையும் பசியாறட்டும்” என்றார் மருதமுத்து.

தங்கையா முகத்தை முழுவதும் திருப்பி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வலது இமை மூடியே இருந்தது.

“அப்பாவுக்கு ஒரு கண்ணு போயிருச்சுக்கா” வாணி துணியால் துடைத்தாள். “செம்பனைக் குலை வெட்டறப்ப மேலேருந்து முள்ளு விழுந்துச்சு. இன்னொரு கண்ணுல தண்ணி அழுத்தமாம். தெனம் சொட்டு மருந்து விடணும். விடலன்னா அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.” துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். “உள்ளேருந்து அவரு லோயர்கிட்ட சொல்லி அனுப்புனதும் அதான். ‘மாமாவுக்குச் சொட்டு மருந்து தீந்திருக்கும், வாங்கிக் குடு. மாமாவ எங்கயும் அலைய விடாத, வூட்லயே இருக்கச் சொல்லு.’ அவ்ளோதான்கா. நான் எப்டி இருக்கேன்னு கேக்கல. பாப்பா ஸ்கூலுக்குப் போறாளான்னு கேக்கல. எங்கப்பா கண்ணுதான் அவருக்கு முக்கியமாப் போச்சு.”

அவள் கோபமாகச் சொல்ல நினைத்தாள். குரல் பாதியில் உடைந்தது. தங்கையா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

திலகவதி கட்டையை மேசை மேல் வைத்து, தான் நினைப்பதைச் சொன்னாள். வாணி அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கணவனின் கையைத் தொடுவது போலிருந்தது அது.

“அப்ப இது சாமிக்குப் பொருந்துச்சுன்னா அவரு வந்துருவாரா?”

“அவரு சொன்னது பொய் இல்லன்னு காட்டலாம். அது பெரிய விஷயம் வாணி.”

“கோயில் தலைவரு இருக்க மாட்டாரும்மா” சமையலறை வாசலில் தங்கையா நின்றார். “கோயில் பூட்டியிருக்கும். இன்னொரு நாளைக்கிப் போலாம்.”

“பூட்டியிருந்தா என்னப்பா, சிப்பாய்ச் சாமி வெளியதானே நிக்கிது? நீங்க கூடப் போயி வழி காட்டுங்க. மருந்த எடுத்துக்குங்க.” வாணி மேசை மேலிருந்த சிறு புட்டியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

எண்ணெய்க்காக வளர்த்த செம்பனை மரங்களுக்குள் பாதை செம்மண்ணாக ஓடியது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மரங்கள். எங்கே திரும்பினாலும் வந்த இடத்துக்கே வந்தது போலிருந்தது. தங்கையா பின்னிருக்கையில் உட்கார்ந்து, “சோத்துக்கைப் பக்கம்”, “நேரா” என்று மட்டும் சொன்னார். ஓர் இடத்தில் மண் உழுதது போலக் கிளறிக் கிடந்தது.

“யாரு இங்க வெவசாயம் பாக்குறா?” மருதமுத்து வேகத்தைக் குறைத்தார்.

“காட்டுப் பன்னி” என்றார் தங்கையா. “இப்பல்லாம் ரோட்டுக்கே வருது. புள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துக்கு வருது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.”



கோயில் ஒரு தகரக் கூரை, முன்னால் ஒரு மழைமரம். வாசலில் ஏழடி உயரத்தில் சிப்பாய்ச் சாமி நின்றார். காக்கி உடுப்பு, சிவப்புத் தலைப்பாகை, காதுவரை மீசை. பக்தர்கள் செருகிய சுருட்டு ஒன்று வாயில் இருந்தது. தலை உண்மையாகவே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கை காலியாக இருந்தது.

“நின்னுக்கிட்டே தூங்குறாரு” மருதமுத்து செருப்பைக் கழற்றினார். “அந்தக் காலத்து போலிஸ் போல.”

“ஏறுங்கண்ணே.”

அவர் கும்பிட்டுவிட்டுப் பீடத்தில் ஏறினார். கட்டையைச் சிலையின் வலது தோளில் சாய்த்தார். திலகவதி கீழே நின்று பார்த்தாள். மரத்தின் வளைவு, சாய்ந்த காதை உரசாமல் விலகி மேலே போனது.

“மேடம்! காத விட்டுட்டுப் போவுது!”

 வாணிக்கு இப்போதே போன் செய்யலாமா என்று அவளுக்குத் தோன்றியது. “கீழ பாருங்க. கட்டையோட அடி சாமி உள்ளங்கைல உக்காருதா?”

“உள்ளங்கைல ஒரு இரும்பு முளை இருக்கு. அது நொழையக் கட்டைல ஓட்டை இல்ல.”

“ஒத்திகைதானே. ஓட்டைய நெச மரத்துல போட்டிருப்பாரு.” சொல்லும்போதே அவளுக்குப் படம் நினைவுக்கு வந்தது. நிஜக் கட்டையின் அடியை அவள் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். அங்கேயும் ஓட்டை இல்லை. ரப்பர் தகடு ஒட்டியிருந்தது.

பின்னால் மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. கோயில் தலைவர் தம்புசாமி. கையில் பூப்பொட்டலம்.

“சாமி மேல ஏறி என்ன பண்றீங்க?”

திலகவதி தன்னை அறிமுகம் செய்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். தம்புசாமி கேட்டுக்கொண்டே வந்தவர் இடையில் கையைத் தூக்கினார்.

“இருங்க இருங்க. சாமி துப்பாக்கிதான் வந்துருச்சே!”

அவர் கதவைத் திறந்து உள்ளே போய், மஞ்சள் துணி சுற்றிய நீளமான ஒன்றைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். “திருவிழா அன்னிக்குத்தான் பிரிக்கணும். பரவால்ல, கேஸு விஷயம். குகனே கொண்டாந்து வெச்சுட்டுப் போனான். அவனைப் புடிக்கிறதுக்கு முன்னாடி.”

துணிக்குள் ஒரு துப்பாக்கி இருந்தது. குழலுக்குக் கறுப்பு அடித்த தண்ணீர்க் குழாய். அதன் கீழே நேரான கட்டை. அம்பு போல நேர். அடியில் முளை நுழைய ஒரு ஓட்டை. சாமியின் காது வரும் இடத்தில் மட்டும், வெளியே தெரியாதபடி, சிப்பி போல ஒரு சின்னச் செதுக்கு.

மருதமுத்து அதை வாங்கிச் சிலையின் கையில் வைத்தார். முளை ஓட்டையில் ஏறியது. காது செதுக்குக்குள் உட்கார்ந்தது. ஒரு மயிர் விலகவில்லை. சிப்பாய்ச் சாமி இப்போது விழித்துக்கொண்டது போலிருந்தது.

மருதமுத்து மெல்லப் பீடத்திலிருந்து இறங்கினார். 

“நீங்க இதைப் போலிஸ்ல சொல்லலையா தலைவரே?” திலகவதியின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

“குகன் சாமிக்குத் துப்பாக்கி செஞ்சானான்னு எல்லாரும் கேட்டாங்க. செஞ்சான்னேன். கோயிலுக்குள்ள இருக்குறதத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன். அங்க புடிச்சது வேற ஒண்ணுன்னு எனக்கு யாரு சொன்னா?” அவர் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். “நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா. வாக்குமூலம். சாமி வாசல்ல நின்னுக்கிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிருவேன்.”

“சொல்லுங்க” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

தம்புசாமி துப்பாக்கியை மறுபடி சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. குகனைக் காப்பாற்ற ஒரு பொய் இருந்தது. அவள் அதை உண்மை என்று நிரூபிக்க வந்து, தன் கையாலேயே உடைத்துவிட்டாள். அவள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பொய் இன்னும் சில நாள் நின்றிருக்குமோ? நாளைக்குத் தம்புசாமி எப்படியும் சொல்லியிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உதவவில்லை.

மருதமுத்துவுக்கு அவளை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோணல் கட்டையை எடுத்துத் தன் வலது தோளில் வைத்து, மழைமரத்தைக் குறி பார்த்தார். “பாருங்க மேடம், டுமீல்! சாமிக்கு ஒரு செதுக்குப் போதும்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பறம் என்ன இழவுக்கு இவ்ளோ கோணல்? இதுல குறி பாத்தா பக்கத்து வூட்டு மாமரத்தத்தான் சுடணும். பள்ளம் என் மூக்கத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சு.”

“எந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம்.” இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

திலகவதி அவருக்கு எதிரே போய் நின்று பார்த்தாள். கட்டை வலது தோளில் இருந்தது. வளைவு முகத்துக்கு முன்னால் குறுக்கே போய், பள்ளம் இடது கண்ணுக்கு நேராக ஓடியது.

வலது தோள். இடது கண்.

வலது கண் இல்லாத ஒருவனுக்கு எடுத்த அளவு.

மேசை மேல் விழுந்த கோப்பி. முகத்தை முழுவதும் திருப்பிச் சிரித்த சிரிப்பு. ‘தலைவரு இருக்க மாட்டாரும்மா.’ உள்ளேயிருந்து வந்த ஒரே செய்தி: மாமாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லு. அது கண்ணைப் பற்றிய செய்தி இல்லை. நான் உங்களைச் சொல்லவில்லை, நீங்களும் வெளியே வராதீர்கள் என்ற செய்தி. மனைவிக்குப் புரியாத மாதிரி, மாமனாருக்கு மட்டும் புரிகிற மாதிரி.

அவள் மெல்லத் திரும்பினாள். தங்கையா கோயிலுக்குள் வரவே இல்லை. காடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மருதமுத்துவிடமிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு அவரிடம் போனாள். “ஐயா, இதக் கொஞ்சம் புடிங்க. செருப்பு வார் அவுந்துருச்சு.”

அவர் வாங்கிக்கொண்டார். அவள் குனிந்து, அவிழாத வாரைத் தொட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

அவருக்குத் தெரியாமலே அது நடந்தது. வலது கை வளைவுக்குக் கீழே தானாகப் பிடித்தது. இடது கை முன்னால் போனது. அகன்ற முனை வலது தோள் குழியில் ஏறி உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் சாய்ந்தது. பள்ளம் இடது கண்ணுக்கு நேராக வந்து நின்றது. ஒரு மயிர் விலகவில்லை.

பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மரம் கையிலிருந்து நழுவியது. மருதமுத்து பாய்ந்து பிடித்தார்.

“பாத்துட்டீங்க” என்றார் தங்கையா.

“குழல் எங்கேருந்து வந்துச்சுங்கய்யா?”

“தோட்டத்து வெள்ளைக்காரன் பங்களாவ இடிச்சப்ப நான்தான் அங்க வாச்மேன். பலகைக்கு அடியில, கொழுப்புத் தடவி, துணி சுத்தி இருந்துச்சு. கட்டையக் கரையான் தின்னுடுச்சு. குழல் அப்டியே இருந்துச்சு.” அவர் கிளறிக் கிடந்த மண்ணின் பக்கம் முகத்தைத் திருப்பினார். “பாப்பா பஸ்ஸுக்கு நின்னப்ப பன்னி வந்துச்சும்மா. நான் ஒரு குச்சிய வெச்சுக்கிட்டு நின்னேன். எந்தப் பக்கம் வருதுன்னே எனக்குத் தெரியல.  மாப்ளகிட்ட கேட்டேன். முடியாது மாமான்னாரு. விடாமக் கேட்டேன். ‘முன்ன காவலுக்குத் துப்பாக்கி புடிச்சப்ப இந்தத் தோளுதான் எனக்குப் பழகுனது, ஆனா இந்தக் கண்ணு இல்லையே, என்ன பண்ணலாம்’னு கேட்டேன். அதுக்கு மட்டும் அவரால முடியாதுன்னு சொல்ல முடியல. மரத்துல முடியாதுன்னு ஒண்ணு அவருக்கு இருந்ததில்ல.”

“வாணிக்குத் தெரியுமா?”

“தெரியாது. புடிபட்ட அன்னிக்கு எனக்குக் குடுக்கத்தான் கொண்டாந்தாரு.” அவர் காடிக் கதவைத் திறந்தார். “ஸ்டேஷனுக்குப் போங்கம்மா. நான் சொல்லிர்றேன். என்னப் புடிச்சுக்கிட்டு அவர விடச் சொல்லுங்க. எனக்கென்ன, இன்னும் எத்தன வருசம்?”

மருதமுத்து திலகவதியைப் பார்த்தார். அவள் தள்ளிப் போய்ப் புவனேஸ்வரனைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லாமல் கேட்டாள். செய்யச் சொன்ன ஆள் ஒருவர் இருந்து, அவரே வந்து ஒத்துக்கொண்டால்?

புவனேஸ்வரன் திருப்பிக் கேட்டார்.

“குகன் செய்யலன்னு அந்த ஆளு சொல்லுவாரா?”

“இல்ல சார். குகன்தான் செஞ்சாரு.”

“அப்ப செஞ்சவன் செஞ்சவன்தான் திலகா. யாருக்காகச் செஞ்சான்னு சட்டம் பாக்காது. செய்யச் சொன்னவரும் உள்ள போவாரு. ஒருத்தர் ரெண்டு பேராவாங்க. அவ்ளோதான்.” பிறகு, “சாமிக்குப் பொருந்தலையா?” என்றார்.

“காலைல வந்து சொல்றேன் சார்.”

அவள் திரும்பி வந்தாள். தங்கையா காடிக் கதவைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க போனா அவரு வர மாட்டாருங்கய்யா. நீங்களும் உள்ள போவீங்க. வெளிய வாணியும் பாப்பாவும் மட்டும்தான்.”

“போவலன்னா?”

“போவலன்னாலும் அவரு வர மாட்டாரு.”

“அப்ப நான் என்னதான்மா செய்யிறது?”

எரிந்த கடைகளுக்குள் நின்று எத்தனையோ பேருக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். எங்கே பற்றியது, எப்படிப் பரவியது, யார் கை. இப்போதும் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் ஒன்றும் யாருக்கும் உதவாது. சொன்னால் ஒரு வீட்டில் இரண்டு பேர். சொல்லாவிட்டால் ஒருவன், அவன் சொன்ன பொய்யும் நாளைக்கு இல்லை.

மருதமுத்து கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைப்பதா, காடியின் பின்பக்கப் பெட்டியில் வைப்பதா என்று தெரியாதது போல. “மேடம், இத...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

போன் அடித்தது. வாணி.

“அக்கா, அப்பா பக்கத்துல இருக்காரா? மருந்து விடற நேரம். மறந்துருவாரு. விடச் சொல்லுங்கக்கா.”

“சொல்றேன்.” போனைக் காதில் வைத்தபடியே திலகவதி அவர் சட்டைப் பையைக் காட்டினாள்.

தங்கையா புட்டியை எடுத்தார். தலையைச் சாய்த்தார். முதல் சொட்டுக் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில் விழுந்தது. மூன்றாவது முறை புட்டி கண்ணுக்கு எதிரேயே வரவில்லை.

திலகவதி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு புட்டியை வாங்கினாள். அவர் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, இடது இமையை விரலால் திறந்து, ஒரு சொட்டு விட்டாள். அது நேராக உள்ளே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இமையோரத்தில் வழிந்ததைத் துடைக்காமல் நின்றார்.

“விட்டாச்சு வாணி.”

“சரிக்கா.” அவள் போனை வைக்கவில்லை. பின்னால் தேவிஸ்ரீ எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். “அக்கா... பொருந்துச்சா?”

செம்பனைக்குள் காற்று இல்லை. திலகவதி மூடிய அந்த இரண்டு கண்களையும் பார்த்தாள்.

“சாமிக்குப் பொருந்தல, வாணி.”

 வாணி மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப யாருக்குக்கா?”